நம்புற குரல்

யக்கா, உங்க போன்ல டவர் இருக்கா? ஒரு புள்ளி? அரைப் புள்ளி? நல்லாப் பாருங்க. சன்னலுக்கு வெளிய நீட்டிப் பாருங்க... வேணாம் வேணாம், விழுந்து தொலைச்சிரும்.

இல்லையா. இருக்காது. ஆண்டிபட்டிக் கணவாய்ல ஏறிட்டோம்ல, இனி அங்கிட்டு இறங்குற வரைக்கும் எவன் போன்லயும் வராது. முன்னாடி வைக்கோல் லாரி வேற. பாருங்க எப்பிடிப் போறான்னு, மணமேடைக்கு வர்ற பொண்ணு மாதிரி. டிரைவரண்ணே! ஒரு ஆரன் அடிங்கண்ணே! ஒதுங்குவான்! எங்க ஒதுங்குறதா? அதுவும் சரிதான்.

யக்கா, டவர் வந்ததும் உங்க போன்ல ஒருத்தனக் கூப்புடணும். போன் மட்டும் பத்தாது, நீங்கதான் பேசணும். நான் பேசுனா நம்ப மாட்டாய்ங்க. மதுரைல ஒரு புள்ள, பதினேழு வயசு, வீட்டுல தனியா இருக்கு. ஏதாச்சும் பண்ணிக்கிரும்னு பயமா இருக்குக்கா. யாராச்சும் போயி அந்தக் கதவத் தட்டணும். அம்புட்டுத்தான். அத நான் சொன்னா ஒரு ஆளு நம்ப மாட்டேங்குறான்.

ஏன் நம்பலையா? இந்தா, பின் சீட்டுல நாலு பயலுக என்னையப் பாத்துப் பாத்துச் சிரிக்கிறாய்ங்க பாருங்க, அதனாலதான். நான் பலகுரல் குபேந்திரன். ராத்திரி ஆண்டிபட்டிக்குத் தெக்கால ஒரு காளியம்மன் கோயில் திருவிழாவுல நம்ம புரோகிராம்தான். அஞ்சாப்புதான் படிச்சேன், ஆனா அம்பது குரல் வரும். குக்கர் விசில் வரும், பழைய டவுன் பஸ் மேட்டுல ஏறுறது வரும், கவுன்சிலர் வரும், கவுன்சிலர் வீட்டு நாய் வரும். ரெண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கிறவங்களுக்குச் சோடா இலவசம்.

என்னடா தம்பி? காக்காயா? டேய், நான் என்ன நிலமைல இருக்கேன், காக்கா மாதிரிக் கத்தச் சொல்ற... கா! கா! க்கா! போதுமா? உக்காரு.

பாத்தீங்களாக்கா, கேட்டா வாயி தானாப் பண்ணிருது. நெஞ்சு கெடந்து அடிக்குது, வாயி காக்கா மாதிரிக் கத்துது.

அந்தப் புள்ள பேரு பாண்டிமீனா. எங்க ஏரியா ஹவுசிங்போர்டு. அவங்கம்மா இருளாயி கல்யாண சமையலுக்கு மாஸ்டர் கூடப் போறது. பாத்திரம் கழுவ, காய் வெட்ட. முகூர்த்த நாளுன்னா விடியக்காலைலயே போயிரும். இன்னைக்கு முகூர்த்தம். அதான் புள்ள தனியா இருக்கு.

எனக்கு எப்பிடிப் பழக்கம்னு கேளுங்க. எங்க ஏரியாவுல ஒரு மன்றம் ஆரம்பிச்சாக. மனசு சரியில்லாத புள்ளைகளுக்கு. பரீட்சைல போனது, வேலைக்குப் போயி அடிபட்டு வந்தது, ரூமுக்குள்ளயே கெடக்குறது, இந்த மாதிரி. ஊசி மாத்திரைக்கு டாக்டரு தனி. இங்க பாட்டு, படம் வரையிறது, பறையடிக்கிறது, நாடகம். ஒவ்வொரு பெரிய ஆளுக்கும் மூணு புள்ளைக. அதுகளுக்கு நாமதான் துணை, அதுக்கு ஒரு இங்கிலீசுப் பேரு, மென்டாராம். எங்க வீட்டுக்காரி சந்தனமாரிகிட்டப் போயி நான் மென்டார் ஆகிட்டேன்னேன். 'அது எனக்குக் கல்யாணத்தன்னைக்கே தெரியுமே'ன்னுட்டா.

மன்றத்த நடத்துறது அமலோற்பவம் மேடம். தங்கமான மனுசி. முதல் நாள் எங்களையெல்லாம் உக்கார வச்சு ரெண்டு மணி நேரம் பேசுச்சு. என்ன பேசுச்சுன்னு கேட்டா ஞாபகம் இல்ல, எப்பிடிப் பேசுச்சுன்னு கேளுங்க, அப்பிடியே செய்வேன். மூக்குக் கண்ணாடிய இப்பிடி இறக்கிவிட்டு, 'நண்பர்களே... புள்ள ஒண்ணு சொன்னா... மொதல்ல நம்புங்க... அப்பறம்... கேளுங்க.' ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவுல டீ குடிச்சிட்டு வந்துரலாம். சாப்பாட்டு நேரத்துல நான் இதச் செஞ்சு காமிச்சேன், ஒருத்தன் மோர் புரை ஏறி அங்கிட்டு ஓடிட்டான். மேடமே சிரிச்சிருச்சு.

இந்த பாண்டிமீனா எட்டு மாசம் மில்லுல இருந்த புள்ள. எந்த மில்லுன்னு எனக்குத் தெரியாது, கோயம்புத்தூர் பக்கம்னாக. ஆஸ்டல்ல தங்கி வேலை. திடீர்னு ஒருநா துணிப்பையோட வந்து வாசல்ல நின்டுச்சாம். அன்னையிலிருந்து பேச்சில்ல. அவங்கம்மா கோடாங்கி பாத்துச்சு, தாயத்துக் கட்டுச்சு, அப்பறம்தான் டாக்டரு, மன்றம். மத்த புள்ளைக மரம் வரையும், வீடு வரையும். இது பேப்பர நாலா மடிச்சு மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். நான் கழுதை மாதிரிக் கத்துனேன், குதிரை மாதிரிக் கத்துனேன், என் மாமியா மாதிரிக் கத்துனேன். ம்ஹூம். மூஞ்சி அசையல. என் பொழப்புலயே என் மாமியா குரலுக்குச் சிரிக்காத ஒரே ஆளு அதுதான். என் மாமியாளே சிரிச்சிருக்கா.

அப்பத்தான் எனக்கு ஒரு ரோசனை. என்கிட்ட இருந்த மூணு புள்ளைகளுக்கும் சொன்னேன். எப்ப வேணாலும் எனக்குப் போன் போடுங்க. வேற ஆளு மாதிரிப் பேசுங்க. என்னைய ஏமாத்திட்டா சனிக்கெழம பரோட்டா. முட்டையோட.

யக்கா, சத்தியமாச் சொல்றேன், ஒரு மாசம் கழிச்சு எனக்கு ஒரு போன். 'சார், கேஸ் ஏஜென்சிலருந்து பேசுறோம். உங்க சிலிண்டர் புக்கிங் கேன்சல் ஆயிருச்சு.' ஏம்மா கேன்சல் ஆச்சு? 'நீங்க அடுப்பே பத்த வைக்கிறதில்லைன்னு ரிப்போர்ட் வந்திருக்கு சார்.' எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எவன் ரிப்போர்ட் குடுத்தது, என் வீட்டு அடுப்ப எட்டிப் பாத்தது எவன், மேனேஜரக் கூப்புடு, ஏறிக்கிட்டுப் போறேன். அங்கிட்டு திடீர்னு ஒரு சத்தம். க்ளுக்குனு. சிரிப்பு. 'அண்ணே, நாந்தாண்ணே. மீனா.'

நான் ரோட்டுல உக்காந்துட்டேன்க்கா. மீன் மார்க்கெட்டு வாசல்ல, சகதியில. மில்லுலருந்து வந்த பெறகு மொதத் தடவையா அந்தப் புள்ள சிரிச்சிருக்கு, யாருக்கிட்ட? என்கிட்ட! அவங்கம்மா வந்து என் கால்ல விழுந்துச்சு. 'தம்பி, நீங்க டாக்டருக்கு டாக்டரு'ன்னுச்சு. நான் உடனே டாக்டரு மாதிரிப் பேசுனேன், அதுவும் அழுதுகிட்டே சிரிச்சிச்சு.

அப்பறம் அந்தப் புள்ளைய நிறுத்த முடியல. ரேசன் கடைக்காரரு மாதிரிப் பேசும். கரண்டாபீஸ் மாதிரிப் பேசும். ஒருநா சந்தனமாரி மாதிரியே பேசி, 'எங்கய்யா ஊர் மேயிற, வெங்காயம் வாங்கிட்டு வா'ன்னுச்சு. ரெண்டு கிலோ வாங்கிட்டுப் போறேன், வீட்டுல ஏற்கனவே அஞ்சு கிலோ கெடக்கு. அன்னைக்கு வாங்குன பேச்சு இருக்கே! வாரத்துக்கு வாரம் பரோட்டா. மேடம் சொல்லுச்சு, 'குபேந்திரன், போன் பேசுறது சரி, ஒரு தடவை அவ வீட்டுக்குப் போயிப் பாருங்க'ன்னு. எதுக்குப் போகணும்? அதான் தெனம் போன்ல வருதே.

போன வாரம் ஒண்ணு பண்ணுச்சு பாருங்க. மன்றத்துல எல்லாரும் இருக்கோம். எந்திரிச்சு நின்டு, மில்லு ஆஸ்டல் வார்டன் மாதிரிப் பேசுச்சு. 'எந்திரி. பெல் அடிச்சிருச்சு. காய்ச்சலா? செத்தா போயிட்ட? செத்தா அப்பறம் படு.' யக்கா, குரல் அடிவயித்துலருந்து வருது. இருபத்தஞ்சு வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன், எனக்கு அந்த கனம் வராது. கை தட்டுனேன் தட்டுனேன், கை சிவந்து போச்சு. இன்னொரு தடவைன்னேன். செஞ்சுச்சு. புள்ளைக உருண்டு சிரிக்குதுக. அப்பறம் அது கக்கூஸ் பக்கம் போயிருச்சு, வர ரொம்ப நேரம் ஆச்சு. வந்ததும் சொன்னேன், இதாண்டி ஆண்டு விழாவுல உன் ஐட்டம். 'அது மேடைல வேணாம்ணே'ன்னுச்சு. அட கழுத, இதாண்டி ஹிட்டுன்னேன். அது திரும்ப ஒரு பேப்பர எடுத்து நாலா மடிக்க ஆரம்பிச்சிருச்சு.

எங்க வந்திருக்கோம்? இன்னும் வளைவுதானா? யக்கா, திரும்பப் பாருங்க டவரு. சரி. சரி.

இன்னைக்குக் காலைல. புரோகிராம் முடிஞ்சு, நானும் கீபோர்டு மொட்டை ராசுவும் இன்னும் ரெண்டு பேரும் டீக்கடைல நிக்கிறோம். போன் வருது. பாண்டிமீனா நம்பர். ராசுகிட்டச் சொன்னேன், டேய், இது என் சிஷ்யை, கேளுடா எப்பிடிப் பண்ணுதுன்னு. ஸ்பீக்கர்ல போட்டேன்.

அழுகை. எடுத்ததுமே அழுகை. 'அண்ணே, மில்லு ஏஜெண்டு வந்துட்டுப் போனான்ணே. அம்மா திங்கக்கெழம திரும்ப அனுப்புறேன்னு சொல்லிருச்சு. நான் போக மாட்டேண்ணே. அங்க போறதுக்கு நான் இல்லாமயே போயிர்றேன். அம்மாகிட்டச் சொல்லிருங்கண்ணே.'

டீக்கடைல எல்லாரும் திரும்பிட்டாகக்கா. டீ மாஸ்டரு ஆத்துற டீயக் கீழ ஊத்துறாரு. ராசு அசந்து போயிட்டான். எனக்குப் பெருமைன்னா பெருமை. கட் கட் கட்! ன்னேன். பிரமாதம் மீனா! அழுகை அப்பிடியே இருக்கு. ஆனா அந்த 'இல்லாமயே போயிர்றேன்'ங்கிற எடத்துல ஒரு கேப் விடணும், அப்பத்தான் ஜனம் மூச்சுப் பிடிக்கும். பத்துக்கு எட்டு. இங்க எல்லாரும் கை தட்டுறாக பாருன்னு போன நீட்டுனேன். எல்லாரும் தட்டுனாக. டீ மாஸ்டரும் தட்டுனாரு.

கைதட்டு ஓயிற வரைக்கும் கேட்டுக்கிட்டு இருந்துச்சு. அப்பறம் 'சரிண்ணே'ன்னுச்சு. வச்சிருச்சு.

நான் டீயக் குடிச்சேன். வடை ஒண்ணு தின்னேன். ஆண்டிபட்டி வந்து இந்த பஸ்ஸுல ஏறுனேன். எனக்கு ஒரு பழக்கம்க்கா, நல்ல குரலு ஒண்ணு காதுல விழுந்துட்டா நானும் வாய்க்குள்ள அதச் செஞ்சு பாப்பேன். பஸ்ஸு ஸ்டாண்டுலயே நிக்குது, நான் முனங்கிப் பாக்குறேன். 'அம்மாகிட்டச் சொல்லிருங்கண்ணே.' வரல. திரும்பப் பண்றேன். வரல. யாரு குரல்டா இது? வார்டனா? இல்ல. அவங்கம்மாவா? இல்ல. ரேசன் கடையா, கரண்டாபீஸா... ஒவ்வொண்ணாத் தள்ளுறேன். யாரும் இல்லக்கா. யாரோட குரலும் இல்ல அது.

அந்தப் புள்ளையோட சொந்தக் குரலுக்கா அது.

போட்டேன் போனு. சுவிச் ஆப்பு.

மேடத்துக்குப் போட்டேன். மேடம், பாண்டிமீனா ஏதோ பண்ணிக்கப் போகுது, ஓடுங்க! அந்தம்மா என்ன சொல்லுது தெரியுமா? 'குபேந்திரன், போன மாசம் கலெக்டராபீஸ்லருந்து பேசுறேன்னு சொல்லி நாப்பது பேர வெயில்ல மாலையோட நிக்க வச்சீங்க. சிரிச்சேன். இந்த விசயத்துல வெளையாடாதீங்க. இதுல மட்டும் வெளையாடாதீங்க.' வச்சிருச்சு. திரும்பப் போட்டா எடுக்கல. வெளையாட்டா? என் குரல் நடுங்குது, அது கேக்கலையா அந்தம்மாவுக்கு? கேட்டுச்சாம். வைக்கிறதுக்கு முன்னாடியே 'நடுக்கம்லாம் நல்லாத்தான் செய்யிறீங்க'ன்னுச்சு.

இருளாயிக்குப் போட்டேன். மண்டபத்துல சட்டி உருள்ற சத்தம், மேளச் சத்தம். யம்மா, புள்ளையப் போயிப் பாருங்கன்னு கத்துறேன். 'தம்பி, பந்தி நடக்குது, இப்பப் போயி சிரிப்புக் காட்டாதீங்க. காலைல நல்லாத்தான இருந்தா, நாந்தான் கஞ்சி ஊத்திட்டு வந்தேன்'னுச்சு. பெத்த தாயி! சந்தனமாரிக்குப் போட்டேன். 'நீ செத்துட்டேன்னு நீயே போன் போட்டாலும் நான் நம்ப மாட்டேன்யா, வரும்போது புளி வாங்கிட்டு வா.'

நூத்தியெட்டுக்கும் போட்டேன். அந்தப் பொண்ணு தன்மையாத்தான் பேசுச்சு. எந்த பிளாக்குண்ணே, கதவு நம்பர் என்னண்ணேங்குது. எனக்கு எங்கிட்டுத் தெரியும்? அங்க எல்லா பிளாக்கும் ஒரே தீப்பெட்டி. கீழ சோணை பெட்டிக்கடை இருக்கும், அதுக்கு மேல மூணாவது மாடின்னேன். எந்தத் தெருன்னு கேட்டுச்சு, வாயத் தொறக்குறேன், கணவாய் வந்துருச்சு. டவர் போச்சு.

நீங்களே சொல்லுங்கக்கா. ஒரு மனுசன் அழுகுறான். அழுகுற மனுசன நம்ப வேணாமா? உள்ள என்ன துடிப்புல சொல்றான்னு ஒரு நிமிசம் யோசிக்க வேணாமா? கேக்குறவனுக்குக் காது எதுக்குக்கா இருக்கு? எனக்கு நெஞ்சு ஆற மாட்டேங்குது. இப்பிடியும் ஒரு ஜனம் இருக்குமா?

இல்ல, நான் அழுகல. வெயிலு.

அந்த சோணைதான் கடைசி ஆளு. அவன் கடைலருந்து படியேறுனா அவ வீடு. கடைக்கு முன்னாடி ஆளுக நின்டுக்கிட்டே இருக்கும். அவனுக்கும் முந்தி ஒரு தடவை போட்டிருக்கேன், குலுக்கல்ல பிரிட்ஜு பரிசு விழுந்திருக்கு உங்களுக்குன்னு. பாவம், வைக்கிறதுக்கு எடம் வேணும்னு கட்டில வெளிய எடுத்துப் போட்டுட்டான். மழை வேற பேஞ்சிருச்சு. அதனால என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான். நீங்க பேசுங்க. உங்க குரலு இருக்கே, கண்டக்டர்கிட்ட 'மிச்சம் குடுங்க'ன்னு கேட்டீங்கல்ல, அப்பவே கவனிச்சேன். ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. கல்லு மாதிரி. அது நம்புற குரலு. எனக்கு அம்பது வரும், அது வராது.

இந்தா! வந்துருச்சு! யக்கா, ஒரு புள்ளி! ரெண்டு! இந்தாங்க நம்பரு, அடிங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. கெஞ்சாதீங்க, கெஞ்சுனா நாந்தான்னு நெனப்பான். நேரா விசயத்துக்கு வாங்க. மூணாவது மாடி, பாண்டிமீனா, கதவத் தட்டுங்க, தொறக்கலேன்னா ஒடைங்க.

போகுது. ரிங்கு போகுது. எடுடா சோணை. எடுடா என் ராசா.

பேசுங்க, பேசுங்க.

அருமையாச் சொன்னீங்க. அப்பிடித்தான். என்ன சிரிக்கிறான்? ஏன்டா சிரிக்கிற? 'குபேந்திரா, பொம்பளக் குரலும் எடுக்க ஆரம்பிச்சுட்டியா? இதுவும் நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் கட்டில வெளிய எடுக்க மாட்டேன்'ங்குறான். டேய்! டேய் வைக்காத! இது நான் இல்லடா, நெசமாவே ஒரு அக்காடா! யக்கா, அவன்கிட்டச் சொல்லுங்க... ஐயோ, நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது. என் சத்தத்தக் கேட்டுட்டான். இப்ப சுத்தமா நம்ப மாட்டான்.

இருங்க. இருங்க. வைக்காதீங்க. ஒரு வாய்ல ஒரு நேரத்துல ஒரு குரல்தான்க்கா வரும். எம்பேர்ப்பட்ட பலகுரலா இருந்தாலும் ரெண்டு குரல ஒண்ணா எடுக்க முடியாது. அது அவனுக்கும் தெரியும், எங்க ஏரியா பொங்கல் விழாவுல நானே மேடைல சொல்லிருக்கேன்.

ஏ தம்பிகளா! பின் சீட்டு! காக்கா கேட்டீங்கல்ல, எந்திரிங்கடா! கண்டக்டரண்ணே! யப்பா பெரியவரே, நீங்களும்! யம்மா, புள்ளைய எழுப்புங்க, அழுகட்டும், அழுகவிடுங்க! எல்லாரும் இந்த போனப் பாத்துச் சொல்லுங்க, ஒரே நேரத்துல. சோணை, மேல போ! அம்புட்டுத்தான். ஒரு உசுருய்யா. நான் சும்மா இருக்கேன், நான் வாயப் பொத்திக்கிர்றேன். அக்காவும் சொல்லுங்க. ம்!

...

இன்னொரு தடவை! கத்துங்க!

கேட்டுச்சாடா சோணை? கேட்டுச்சா? எத்தன பேருன்னு எண்ணு. குழந்தையும் சேத்து எண்ணுடா!

போறான். யக்கா, போறான். செருப்புச் சத்தம் கேக்குது. படி ஏறுறான். மூச்சு வாங்குது, தின்னு கொழுத்த மூச்சு. மொத மாடி. டிரைவரண்ணே, ஓரமா நிறுத்துங்கண்ணே, திரும்ப டவர் போயிரும். இங்கயே நிறுத்துங்க. புண்ணியமாப் போகும். இன்ஜினையும் அணைங்க.

என்னடா நிக்கிற? மூச்சு வாங்குதா? கீழ வந்து வாங்கிக்க.

தட்டுறான். தட்டுடா. பேரச் சொல்லித் தட்டு. இன்னும்.

யக்கா, உங்க கைய ஒரு நிமிசம் பிடிச்சுக்கிரவா.

தட்டிக்கிட்டே இருக்கான். ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லக்கா. நான் ஏதாச்சும் பேசிக்கிட்டே இருக்கேன், நிறுத்துனா நெஞ்சு நின்டுரும் போல இருக்கு. சோணையோட கட்டில் இருக்கே, அது தேக்கு, அவங்க மாமனாரு குடுத்தது, மழைல நனைஞ்சு ஒரு காலு... யாரும் சிரிக்காதீங்கப்பா, நான் சிரிக்கிறதுக்குச் சொல்லல.

தாப்பா.

தாப்பா சத்தம்க்கா அது. தொறக்குது. சோணை, யாரு? யாருடா? நிக்கிறாளா? கண்ணு முழிச்சு நிக்கிறாளா? கையி காலு...? நல்லாப் பாரு. உள்ள என்ன வச்சிருக்கான்னு பாரு, எதுவா இருந்தாலும் எடுத்து வெளிய போடு. பக்கத்து வீட்டுப் பொம்பள யாரையாச்சும் கூப்புடு, கூட உக்காரச் சொல்லு. எங்க ஆளு வந்து சேர்ற வரைக்கும் நீ நகரக் கூடாது. கடை கெடக்கட்டும்.

நிக்கிறாளாம். யக்கா. நிக்கிறாளாம்.

கண்டக்டரண்ணே, கையக் குலுக்காதீங்க, நான் விழுந்துருவேன். மேடத்துக்கு யாராச்சும் உங்க போன்லருந்து அடிச்சுச் சொல்லுங்க. இந்தாங்க நம்பரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

சோணை, போன அவகிட்டக் குடு.

மீனா?

நாந்தாம்மா.

நாந்தான்... எந்த நானா? குபேந்திரண்ணன்.

இல்லம்மா, யாரு மாதிரியும் பேசல. யாரு மாதிரியும் இல்ல. தெரியல, இப்பிடித்தான் இருக்கும் போல என் குரலு. நீ கேட்டதில்லையா? ஒரு தடவைகூடவா?

நெசமாத்தான். எப்பிடி நம்ப வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா. வச்சிராத. நம்பாட்டிப் பரவால்ல, வச்சிராத.

நான் சிரிப்பு ஒண்ணும் சொல்லல. எனக்கு ஒண்ணும் வரல. மில்லுக்கு உன்னைய யாரும் அனுப்ப மாட்டாக, நான் வந்துக்கிட்டே இருக்கேன், உங்கம்மாகிட்ட மேடம் பேசும், நான் கால்ல விழுகுறேன்... சரி. சரி, நான் பேசல.

நீ காலைல சொன்னியே. அதத் திரும்பச் சொல்லு. மொதல்லருந்து. அழுதுக்கிட்டே சொன்னாலும் சரி. அங்க என்ன பண்ணாகன்னு சொல்லு. எங்க வேணாலும் நிறுத்து, எம்புட்டு நேரம் ஆனாலும் சரி. இங்க பஸ்ஸு நின்டுதான் இருக்கு.

ஷ்... யப்பா, யாரும் பேசாதீங்க.

ம். சொல்லும்மா.

ம்.

...

ம்.